முதலிடப் பிள்ளைகளுக்கு ஒரு கேமரா பீரியட்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 2023-ல் மாநிலத்திலேயே முதலிடம் பெரம்பலூர் மாவட்டத்துக்கு, தேர்ச்சி 97.67%. அடுத்த ஆண்டு அதே இடத்தில் அரியலூர், 97.31%. பிளஸ் டூவில் 2025-ல் மறுபடியும் அரியலூர்தான், 98.82%. மழையை நம்பிய மானாவாரிக் காடும் சுண்ணாம்புக்கல் சுரங்கமுமாக அறியப்பட்ட இரண்டு மாவட்டங்கள் படிப்பில் இந்த உயரத்தைத் தொட்டிருப்பது சாதாரணச் செய்தி இல்லை. ஆனால், தேர்ச்சிச் சான்றிதழோடு வெளியே வரும் அந்தப் பிள்ளைகளின் கையில், தேர்வு எழுதும் பழக்கத்தைத் தவிர வேறு என்ன கைவேலை இருக்கிறது?

இப்போது இதைக் கேட்கக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை, பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே மாணவர்களுக்கு மூச்சுவிட ஓர் ஆண்டு கிடைத்திருக்கிறது. சும்மா விட்டால், அந்த ஆண்டையும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தும் சிறப்பு வகுப்புகள் விழுங்கிவிடும்.

அந்த ஆண்டிலும், பொதுத்தேர்வு இல்லாத ஒன்பதாம் வகுப்பிலும் வாரத்துக்கு ஒரு பீரியடையாவது படம் எடுக்கவும், எழுத்தையும் படத்தையும் ஒழுங்காக அடுக்கி வடிவமைக்கவும் கற்றுக்கொடுக்கப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கோரிக்கை. பொழுதுபோக்குக்காகக் கேட்கவில்லை. இந்த மண்ணின் பிழைப்போடு இதற்கு உள்ள தொடர்பைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

வெங்காயமும் நீலத் தார்ப்பாயும்

பெரம்பலூர்ச் சீமையில் சின்ன வெங்காயம் எடுக்கும் காலத்தில் ஒரு வெங்காயப் பட்டறைப் பக்கம் போய் நில்லுங்கள். வெளியூர் வியாபாரி போனில் கேட்பார்: "சரக்கு எப்படி இருக்கு? ஒரு போட்டோ போடுங்க." உடனே விவசாயி குவியல் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

அந்தப் படத்தில் வெங்காயம் சோகையாகத் தெரியும். தலைக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பதால் அதன் நிறம் முழுக்கக் குவியல்மேல் இறங்கியிருக்கும். வெங்காயத்தின் இளஞ்சிவப்பு செத்துப்போயிருக்கும். பாக்கெட்டிலேயே கிடந்த போனின் லென்சில் விரல் பிசுக்கு. அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு காசோ கையோ இல்லை. சரக்கு நன்றாக இருந்தும் படம் காலை வாரிவிடும்.

அந்த வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்கு நான்கே விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும். லென்சைத் துணியால் துடைக்க வேண்டும். இரண்டு கூடை வெங்காயத்தைத் தார்ப்பாய்க்கு வெளியே, வெயில் நேராக விழாத வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஜூம் செய்யாமல் கிட்டப் போய் எடுக்க வேண்டும். உள்ளங்கையில் ஐந்து காய்களை வைத்துத் தனியாக ஒரு படம். இதைக் கற்றுக்கொடுக்க ஒரு பீரியட்கூட முழுதாக ஆகாது.

வேப்பந்தட்டை வட்டத்தில் இருக்கிற அரும்பாவூருக்கு வாருங்கள். அங்குள்ள மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்குள்ள சிற்பிகளுடையவை உளி பிடித்தே வளர்ந்த குடும்பங்கள். ஒரு சிற்பத்தின் மதிப்பு அதன் ஆழத்தில் இருக்கிறது. ஆழம் படத்தில் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். நேர் எதிரே பிளாஷ் அடித்தால், பல நாள் செதுக்கிய மடிப்பும் அணிகலனும் அட்டையில் அச்சடித்ததுபோலத் தட்டையாகிவிடும். இன்று வாங்குபவர் முதலில் பார்ப்பது சிற்பத்தையல்ல, அதன் படத்தை. சிற்பியின் மகளுக்கு ஜன்னல் வெளிச்சத்தின் அருமை தெரிந்தால், அது தகப்பனின் வியாபாரத்துக்கு நேரடி முதலீடு.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எல்லா விசேஷத்துக்கும் போட்டோகிராபர் தேவைப்படுகிறார். ஆல்பம் டிசைனிங், பத்திரிகை, கடை போர்டு, பிளெக்ஸ் என்று சிறிய ஊரிலும் வேலை இருக்கிறது. இதையெல்லாம் இன்று கற்றுக்கொள்பவர்கள் ஏதாவது ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் விளக்கு பிடித்துக் கற்கிறார்கள். அவர்களில் பெண்கள் அரிது. பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தால்தான் பெண் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறக்கும்.

ஒரு பஸ் நேரப் பலகை

வடிவமைப்பு என்றதும் பலருக்கும் அழகுபடுத்துவது என்று தோன்றும். அது தப்பு. சொல்ல வந்ததைப் பார்ப்பவருக்குக் குழப்பமில்லாமல் கொண்டுசேர்ப்பதுதான் வடிவமைப்பு. அழகு அதற்குப் பின்னால் தானாக வரும்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு ஒரு நேரப் பலகை தயார் செய்யுங்கள். டவுன் பஸ்ஸும் மினி பஸ்ஸும் வரும் நேரம், போகும் ஊர். அவ்வளவுதான் வேலை.

உட்கார்ந்து பார்த்தால்தான் அதற்குள் இருக்கும் சிக்கல் புரியும். முதலில் வர வேண்டியது நேரமா, ஊரா? கண் மங்கிய ஒரு பாட்டி பத்தடி தள்ளி நின்று படிக்க எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? காலை பஸ்ஸையும் மாலை பஸ்ஸையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது? ஞாயிற்றுக்கிழமை ஓடாத பஸ்ஸுக்கு என்ன குறி போடுவது? படிக்கத் தெரியாதவர் எப்படிப் புரிந்துகொள்வார்? மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து ஏன் கண்ணில் நிற்காது?

இந்தக் கேள்விகளை எல்லாம் தாங்களே கேட்டு, நாலு முறை வரைந்து கிழித்து, கடைசியில் பலகையைக் கொண்டுபோய் நிறுத்தத்தில் வைத்து, உண்மையிலேயே ஒரு பாட்டியிடம் படிக்கச் சொல்லிப் பார்க்கிற பிள்ளைகள், எந்தப் பாடப்புத்தகமும் தராத ஒன்றைக் கற்றுக்கொள்வார்கள். அடுத்தவர் கண்ணால் பார்ப்பது எப்படி என்பதை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரை உறையையும் இப்படியே செய்யச் சொல்லலாம். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதற்கு ஒரு தட்டு. கிராமசபைக் கூட்டத்துக்கான அறிவிப்பையும் செய்யலாம்.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் பிளெக்ஸ்களில் 'கொ' என்ற எழுத்து உடைந்து, கொம்பு ஓரிடத்திலும் துணைக்கால் ஓரிடத்திலும் தனித்தனியாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். யூனிகோடு எழுத்தைச் சரியாகச் சேர்க்கத் தெரியாத முறையில் மென்பொருளை அமைத்துவைத்திருப்பதால் வரும் கோளாறு அது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணையிட்டும், பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துரு முறைகள்தான் ஓடுகின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், பலூ தம்பி போன்ற நல்ல எழுத்துருக்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எழுத்துரு எதற்குப் பொருந்தும், ஆங்கிலத்தைவிட அகலமான தமிழ்ச் சொல்லுக்கு எவ்வளவு இடம்விட வேண்டும் என்று பழகிய பத்துப் பேர் ஒரு வட்டத்தில் இருந்தால், அந்த வட்டத்தின் கடைவீதி முகமே மாறும்.

அண்டை வீட்டில் நடப்பது

இதெல்லாம் அரசுப் பள்ளியில் ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்குக் கேரளம் பதில் வைத்திருக்கிறது. அங்கே உயர்நிலைப் பள்ளிக்கான தகவல் தொழில்நுட்பப் பாடநூலிலேயே ஜிம்ப், இங்க்ஸ்கேப் ஆகிய கட்டற்ற மென்பொருள்களில் படத்தைத் திருத்தவும் வரையவும் பாடம் இருக்கிறது. காசு கொடுத்து உரிமம் வாங்கத் தேவையில்லை.

2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்களையும் அங்கே தொடங்கினார்கள். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அது நடக்கிறது. அனிமேஷன், கணினியில் மலையாளம், ஊடகப் பணி என்று பயிற்சி. பள்ளிகளுக்கு டிஎஸ்எல்ஆர் கேமராக்களும் வழங்கினார்கள். பள்ளி விழாவைப் படம்பிடிக்க எப்போதும் வெளியாளை நம்பியிருக்கத் தேவையில்லை. அந்த மாணவர்களே எடுக்கிறார்கள்.

நம்மிடம் என்ன குறை? அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. 2022-ல் தொடங்கிய கலைத் திருவிழாவில் பிள்ளைகளின் திறமையை ஊரே பார்க்கிறது. பள்ளிகளில் சிறார் படங்கள் திரையிடப்படுகின்றன. மாணவர்களின் திறன் வளர்ப்புக்கென்றே 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது. பாத்திரம் எல்லாம் அடுக்கிவைத்தாகிவிட்டது, உலை வைக்கத்தான் ஆள் இல்லை.

ஆள் என்று நான் சொல்வது ஓவிய ஆசிரியரை. 2012-ல் ஓவியம், இசை, உடற்கல்வி, கணினி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. ஊதியம் பிறகு உயர்ந்தது என்றாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிவருகிறார்கள். ஒரு பாடத்தை அரசு எவ்வளவு மதிக்கிறது என்பது, அதை நடத்துபவரை எப்படி வைத்திருக்கிறது என்பதில் தெரியும். இதைக் கசப்போடுதான் எழுதுகிறேன்.

சுரங்கத்து ஊரின் பிள்ளைகள்

அரியலூரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் கென்டக்கி நினைவுக்கு வரும். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மலைப்பகுதி அது. 1970-களின் நடுவில் வெண்டி இவால்ட் என்ற இளம் புகைப்படக் கலைஞர் அங்குள்ள சிறு பள்ளிகளுக்குப் போய், பிள்ளைகளின் கையில் எளிய இன்ஸ்டாமேட்டிக் கேமராக்களைக் கொடுத்தார். உன்னை எடு, உன் வீட்டாரை எடு, நீ வளர்க்கும் பிராணிகளை எடு, கடைசியில் உன் கனவை எடு என்றார். அந்தப் படங்கள் 1985-ல் 'போர்ட்ரெய்ட்ஸ் அண்ட் ட்ரீம்ஸ்' என்ற நூலாக வந்தன. வெளியூர்ப் பத்திரிகைகள் வறுமையின் முகமாகவே காட்டிவந்த ஒரு பகுதியை, அங்கே பிறந்த பிள்ளைகள் தங்கள் கண்ணால் காட்டினார்கள்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 'பாரி' இணைய இதழின் புகைப்படக் கலைஞர் எம்.பழனிகுமார், மதுரையில் மீன் விற்ற தாயால் வளர்க்கப்பட்டவர். 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்தவர். அவர் தன் வேலையோடு நிற்கவில்லை. தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் எடுத்த படங்களைக் காட்சிக்கும் வைத்தார். வெளியிலிருந்து வருபவர் எத்தனை அக்கறையோடு எடுத்தாலும், விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும் அம்மாவை மகள் எடுக்கிற படம்போல ஆகாது.

நம் இரு மாவட்டங்களிலும் பிள்ளைகள் எடுக்க என்னதான் இல்லை? சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம். காரையில் மழை அரித்த செம்மண் வெளியில் கால் வைக்கும் இடமெல்லாம் ஒருகாலத்தில் கடலாக இருந்ததன் தடயங்கள். 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி ஏரி. குளிர்காலத்தில் அங்கே வந்திறங்கும் வரித்தலை வாத்துகள். ரஞ்சன்குடிக் கோட்டை. ஜெயங்கொண்டம் பக்கத்து நெசவு வீடுகள்.

கங்கைகொண்ட சோழபுரத்தை உச்சி வெயிலில் எடுத்தால் எல்லோருக்கும் ஒரே படம்தான் கிடைக்கும். சாய்வெயில் ஒரு சிற்பத்தின் கன்னத்தில் ஏறும் நேரத்துக்காக அரை மணி நேரம் காத்திருந்து எடுத்த பிள்ளை, அதைக் கட்டிய ராஜேந்திர சோழனைப் பற்றிய வரலாற்றுப் பாடத்தை அதன்பிறகு வேறு மாதிரி படிக்கும்.

பழையவற்றோடு நிறுத்திவிடவும் கூடாது. சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரி, சாலையோரப் புளியமரத்தின் இலையில் படிந்த தூசு, தோண்டிவிட்டுப்போன பள்ளத்தில் தேங்கிய தண்ணீர், காலணித் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறக் காத்திருக்கும் அக்காக்கள். இவையும் அந்தப் பிள்ளைகளின் ஊர்தான். இதை அவர்கள் எடுத்துவைத்தால், இருபது ஆண்டு கழித்து அதுதான் ஊரின் ஆவணம்.

பெற்றோரின் பயம் நியாயமானது

போனைப் பிள்ளை கையில் கொடுத்தால் கெட்டுப்போகும் என்று பயப்படும் பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு பெண் பிள்ளையின் படத்தை எடுத்து உருமாற்றிப் பரப்பும் கொடுமை நடக்கத்தான் செய்கிறது. ஆனால், போன் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற பெரியவர்தான் இன்னும் வரவில்லை.

ஆகவே, கேமரா வகுப்பின் முதல் பாடம் அனுமதி கேட்பதாக இருக்கட்டும். எடுக்கும் முன் கேள், எடுத்ததைக் காட்டு, வேண்டாம் என்றால் அங்கேயே அழி. அடுத்தவரின் அந்தரங்கத்தை அவர் அறியாமல் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றம் என்பதும், 18 வயதுக்குட்பட்டோர் விஷயத்தில் போக்சோ சட்டம் பாயும் என்பதும் ஆண் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். யாராவது மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் சிறார் உதவி எண்ணான 1098-க்கும் அழைக்கலாம் என்பது பெண் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவே படம் போட்டுத் தரும்போது இதெல்லாம் எதற்கு என்று இன்னொரு கேள்வி வருகிறது. வெளிச்சம் எங்கிருந்து வந்தால் நிழல் எங்கே விழும் என்று கையால் பழகிய பிள்ளைக்குத்தான், போலிப் படத்தில் நிழல் இடம்மாறிக் கிடப்பது கண்ணில் படும். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பிச் சண்டைக்குப் போகாத ஒரு தலைமுறை நமக்கு வேண்டாமா?

செய்ய வேண்டியவை

முதலில், 9 மற்றும் 11-ம் வகுப்புகளில் வாரம் ஒரு பீரியட். மதிப்பெண் வேண்டாம், தேர்வும் வேண்டாம். ஆண்டு முடிவில் ஒவ்வொரு மாணவரும் தான் எடுத்த பத்துப் படங்களையும், வடிவமைத்த ஒரு பலகையையும் காட்டினால் போதும். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தொடவே வேண்டாம். அப்போதுதான் தலைமையாசிரியர்கள் தயங்காமல் ஒத்துக்கொள்வார்கள்.

பணத்துக்கு வழி இந்த மண்ணிலேயே இருக்கிறது. 2015-ல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டத்தின்படி, சுரங்க நிறுவனங்கள் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு நிதி செலுத்துகின்றன. அந்த நிதியைச் செலவிட வேண்டிய முன்னுரிமைத் துறைகளில் கல்வியும் திறன் வளர்ச்சியும் உண்டு. பெரிய சிமென்ட் நிறுவனங்களுக்கு லாபத்தில் 2% சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டிய கடமையும் இருக்கிறது. ஒரு பள்ளிக்கு ஐந்து சாதாரண ஸ்மார்ட்போன், இரண்டு முக்காலி, வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளைத் தெர்மோகோல் அட்டைகள். இவ்வளவுக்கு ஆகும் செலவு ஓர் ஆண்டுவிழாப் பந்தல் செலவுக்கு மேல் போகாது. கருவிகள் பள்ளியிலேயே பூட்டிவைக்கப்படும். சிம் கார்டு தேவையில்லை.

ஓவிய ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் ஊதியத்தோடு பயிற்சி கொடுக்கலாம். உள்ளூர் போட்டோகிராபர்களையும் பிளெக்ஸ் டிசைனர்களையும் மாதம் ஒரு நாள் மதிப்பூதியம் கொடுத்து அழைக்க வேண்டும். அவர்களுக்குப் பட்டம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் முப்பது ஆண்டு கல்யாண மண்டப வெளிச்சத்தில் நின்ற அனுபவம் இருக்கிறது.

மேற்படிப்பு பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஐஐடிகளின் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கான யுசீட் தேர்வை எந்தப் பாடப்பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் எழுதலாம். தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி அரியலூரிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரம்தான். பொறியியல், மருத்துவம், நர்சிங் என்று மட்டுமே கேட்டுப் பழகிய காதுகளுக்கு இந்தப் பெயர்களும் போய்ச்சேரட்டும்.

இரு மாவட்டங்களிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில் ஒரு சுவரை மாணவர்களின் படங்களுக்கு ஒதுக்குங்கள். படத்துக்குக் கீழே பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் தமிழில், நல்ல எழுத்தில், உடையாத 'கொ'வோடு இருக்கட்டும்.

இதற்கெல்லாம் அரசாணை வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டு அலமாரியில் திரையில் கீறல் விழுந்த ஒரு பழைய போன் சும்மா கிடக்கும். கேமரா வேலை செய்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பதை முழுவதுமாக அழித்துவிட்டு, பக்கத்து அரசுப் பள்ளியின் ஓவிய ஆசிரியரைத் தேடிப்போய் அவர் கையில் கொடுங்கள்.